வேலியும் கடற்கரையும்



அலாஸ்காவிலே பெரிங் கடலோரம் நோம் என்றோர் ஊர். 1898இல் அதன் அண்மையிலுள்ள ஓடைகளிற் பொன் கண்டார்கள். முந்தி வந்தவர்கள் ஓடையோரமெங்கும் முளையடித்துத் தமதாக்கிக் கொண்டார்கள். பிந்தி வந்தவர்கள் வெறுங்கையராய்க் கடற்கரையிற் கூடாரமடித்துக் கிடந்தார்கள். 1899 கோடையிற் பார்த்தால், அவர்கள் படுத்துக் கிடந்த மணலிலேயே பொன்துகள்!

கடற்கரையை எவரும் உரிமை கொண்டாட முடியாது என்றாயிற்று. நிற்கிற இடத்திலே மண்வெட்டி எட்டுமளவே ஒருவனுக்கு. மரத்தொட்டிலில் மணலை இட்டு, நீர் வார்த்து ஆட்டுவார்கள். பாரமான பொன் அடியில் தங்கும். திரும்பிப் போக வழிச்செலவில்லாதிருந்தவனும் அங்கே வயிறு கழுவினான். அவர்கள் புனிதர்களல்லர். கிடைத்திருந்தால் அவர்களும் முளையடித்திருப்பார்கள்.

எல்லை போட்ட ஓடைகளிலோ வழக்குக்கு மேல் வழக்கு. 1900இல் அங்கு அனுப்பப்பட்ட நீதிபதியே, பிறருடைய சுரங்கங்களைப் பறித்த கூட்டத்துக்குத் துணைபோய்ப் பின்னர் பதவியிழந்தார். ஒரு சாண் நிலத்துக்காகக் கூடப்பிறந்தவனோடு பேச்சை முறித்துக்கொள்ளும் நமக்கு இது பெரிய புதினமல்ல.

நிலம் தமக்கே உரியது, மனிதர் அதில் வந்து தங்கும் பரதேசிகளே என்று ஆண்டவர் மோயீசனுக்கு உணர்த்தியதை லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, உறுதியை எடுத்து எல்லையைச் சரிபார்க்கிறோம்.

பூசைக்கு வந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத சகோதரர்கள் எத்தனை பேர்! உங்கள் வீட்டிலும் அப்படியொரு வேலி இருந்தால், இந்தத் தவக்காலம் முடியுமுன் அவ்விடத்துக்கு ஒருமுறை போங்கள். கதியாலை எங்கே நடுவதென்று அவனையே கேளுங்கள்.