குளத்துப் பாசியும் எமது கண்ணும்

எமது பாடசாலைக் கண்காட்சியில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியால் எடுத்த படமொன்றை வைத்திருந்தான். ஊர்க் குளம் முழுவதும் பச்சைப் பட்டு விரித்தாற்போற் பாசி. அதன்மீது காலை வெயில். பார்த்தோர் வியந்தனர். நாமும் வியந்தோம், கலையுணர்வு மிக்கவன் எனப் பாராட்டினோம். அக்குளத்தருகே குடியிருக்கும் அவனுடைய தாயார் மட்டும் படத்தை நெடுநேரம் நோக்கிவிட்டுச் சொன்னார்: "படம் வடிவாத்தான் இருக்கு, மாஸ்டர். ஆனா, அந்த நாத்தம் இதிலை வரேல்லையே."

அவ்வார்த்தை எம்மை விட்டகலவில்லை. தீங்கு தரும் ஒன்றில் அழகு காண்பது குற்றமா?

பாசியின்மேற் குற்றமில்லை. நீலப்பச்சை அல்கா என வழங்கும் நுண்ணுயிர்களே, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஒட்சிசன் பெருகக் காரணமாயின. ஆயின், தோட்டத்து உரமும் வீட்டுக் கழிவுநீரும் மழையோடு குளத்தை அடையும்போது, அவற்றிலுள்ள நைத்திரேற்றாலும் பொசுபேற்றாலும் பாசி அளவின்றிப் பெருகுகின்றது. பின்னர் அது மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள ஒட்சிசன் குன்றி மீன்கள் சாகின்றன. நீலப்பச்சை அல்காக்களிற் சில, ஈரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்குகின்றன. அப்பச்சையின் பின்னால் மனிதர் செய்தனவும் செய்யாது விட்டனவும் உள.

அழகும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1843இல் அன்னா அட்கின்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, இரசாயனம் பூசிய தாளின்மேற் கடற்பாசிகளை வைத்து, வெயிலிற் காட்டி, நீலப் படங்களாக்கி நூலாக வெளியிடத் தொடங்கினார். நிழற்படங்களைக் கொண்ட முதல் நூல் அதுவெனக் கருதப்படுகின்றது. அப்படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன. எனினும், பாசியினங்களை அறிய விழைவோர்க்குத் துணையாகவே அவர் அவற்றை ஆக்கினார்.

எனவே, அழகைக் கண்டது எமது பிழையன்று. அதனோடு நின்றுவிட்டதே பிழை. பத்தாண்டுகளாக அக்குளக்கரை வழியே பாடசாலைக்குச் செல்லும் நாம், ஒருநாளேனும் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்த்ததில்லை. நாற்றம் வந்தபோது விரைவாக மிதித்தோம். அதே குளத்தைச் சுவரிற் கண்டபோது மகிழ்ந்தோம். கரையில் வாழ்வோர்க்கு விரைந்து கடந்துபோகும் வசதி இல்லை.

தாயார் சொன்னதைக் கேட்டு நின்ற மாணவன், "படத்தைக் கழற்றிவிடட்டோ, சேர்?" என்று வினவினான். வேண்டாம் என்றோம். அதே இடத்தில் நின்று மாதந்தோறும் ஒரு படம் எடுக்கும்படியும், வாய்க்கால் வந்து விழும் இடத்தையும் துணி துவைக்குங் கல்லையும் விட்டுவிடாது சேர்க்கும்படியும், திகதியைக் குறிக்கும்படியும் கூறினோம். ஓராண்டுப் படங்கள் சேர்ந்தால், மழைக்கு முன்னும் பின்னும் குளம் எவ்வாறு மாறுகின்றது என்பதை ஊராருக்கும் பிரதேச சபைக்கும் காட்டலாம். முதற் படத்தின்கீழ்த் தாயாரின் வார்த்தைகளை எழுதி வைக்கவும் சொன்னோம்.

அடுத்த படத்தை அவன் எடுக்கும்போது நாமும் கரையில் இறங்கி நிற்போம்.