தானம் எங்கே முடிகிறது?

தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் கர்நாடகம் 2016-லேயே தடை போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆக, ஓசூர் எல்லையில் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் ஜுஜுவாடிக்கு இந்தப் பக்கமும் சட்டம் ஒன்றுதான். ஆனாலும் திருவிழா அன்னதானம் என்று வந்துவிட்டால், 'சாமி காரியம், ஒரு நாள்தானே' என்ற பேச்சு எழுகிறது. அதற்கு அபராதம் பதிலாகாது. சோறு பசித்தவர் கைக்குப் போனதும் கொடுத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா என்பது அறத்தின் கேள்வி. தீரவில்லை என்றே நினைக்கிறேன். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன், பசித்தவர் யாருமில்லாத மணிபல்லவத்தில் தான் மட்டும் உண்ண மனமில்லாமல், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுகிறான். ஆண்டுக்கொரு முறை அது வெளிவர வேண்டும் என்று வேண்டியே விடுகிறான். பாத்திரம் பிற்பாடு என்னவாகும் என்பதும் கொடுப்பவனின் கவலையாகவே இருந்தது. வாழையிலைக்கும் மந்தாரத் தொன்னைக்கும் இந்தக் கவலை வேண்டியதில்லை. மாடு தின்னும், மிச்சம் மக்கும். தெர்மாகோல் என்ற பாலிஸ்டைரீன் மக்காது, துணுக்குத் துணுக்காக உதிரும். சாம்பார் வாசனைக்காக அதையும் மாடு மெல்லும். பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துப் புண்ணியம் தேடும் கைகளே தெர்மாகோல் தட்டையும் அதன் முன் போடுகின்றன.

வெள்ளத்தில் சிக்கியவருக்குச் சோறு போடும்போது தட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம், உயிர்தான் முக்கியம். நாள் குறித்து, பந்தல் போட்டு நடத்தும் அன்னதானத்துக்கு அந்த அவசரம் கிடையாது. 'பெங்களூருக் கழிவுநீரால் தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறதே, அதைக் கேட்க ஆளில்லை, தட்டுதான் கண்ணில் பட்டதா' என்பார்கள். நியாயமான கோபம். அந்த நுரைக்கும் தெர்மாகோலுக்கும் சம்பந்தமில்லை. அது சோப்பும் சாக்கடையும். ஆனால் அந்தக் கோபத்தின் வேர், மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நினைக்கவில்லை என்பதுதான். கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர் என்று தென்பெண்ணையை நம்பியிருப்பவர்களுக்கு ஓசூர்க்காரர்களும் மேலே இருப்பவர்களே. தன் கையில் இருப்பதைத் திருத்திக்கொண்டவர் பெங்களூரிடம் கேட்கும் கேள்விக்கு வலு கூடும்.

மாற்றுத் தட்டுக்குச் செலவு அதிகம் என்ற பேச்சில் பாதி உண்மை. தள்ளுவண்டிக்காரருக்குப் பாக்குமட்டைத் தட்டு கட்டுப்படியாகாது. அவர் பொருளைப் பறிமுதல் செய்வதோடு மாநகராட்சி நிற்கக்கூடாது, மாற்றுத் தட்டு மலிவாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும். அன்னதானம் செய்பவர் அந்த நிலையில் இல்லை. அவர் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் தட்டே வைக்கலாம். பிறர் சாப்பிட்ட தட்டா என்ற கூச்சமும் இங்கே பொருந்தாது. ஓசூர்த் தொழிற்சாலை கேன்டீன்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுவோர் எல்லாரும் ஷிப்டுக்கு ஷிப்டு கழுவிய எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். அந்த நிறுவனங்களே திருவிழாவுக்குத் தட்டுகளை இரவல் தரலாம்; கழுவும் ஆள்கூலியையும் தண்ணீர் லாரி வாடகையையும் அரிசி, பருப்போடு சேர்த்தே உபயதாரர் கணக்கில் எழுதலாம்.