அந்த ஐந்து நிமிடம் ஆண்டவரோடு



ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே போகும்போது, ஆண்கள் பலருடைய கை செருப்பை மாட்டுவதற்கு முன்பே சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. டீக்கடை வருவதற்குள் பீடி பற்றிவிடும். ஏன் என்று கேட்டால், "பழகிப்போச்சு சாமி" என்பீர்கள். அதில் பொய் இல்லை. ஆனாலும் இன்று உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள். இன்று காலையில் பற்றவைத்த அந்தப் பீடியை விரும்பித்தான் பற்றவைத்தீர்களா, இல்லை உங்களைக் கேட்காமலே கை அதைச் செய்து முடித்துவிட்டதா? உங்களைக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. நம் ஆண்டவர் கோயில் வாசலில் நின்று, யார் வாயில் புகை நாற்றம் வருகிறது என்று பார்க்கிறவர் அல்ல. சுமை சுமந்து சோர்ந்தவர்களையெல்லாம் தம்மிடம் கூப்பிட்டவர் அவர். அது எந்தச் சுமை என்று அவர் விசாரிக்கவில்லை.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, "ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நல்ல தீர்மானம். ஆனால் இரண்டாம் நாளே தலை வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோம். எனக்கு விசுவாசம் குறைவோ, நான் இவ்வளவு பலவீனமானவனா என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இல்லை, சகோதரரே. புகையை உள்ளே இழுத்த சில நொடிகளிலேயே நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. மூளை அதற்குப் பழகிப்போகிறது. அது கிடைக்காதபோது உடம்பு தவிக்கிறது. அந்தத் தவிப்பு பாவம் அல்ல. உடம்பு படும் பாடு. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. "இப்போதே ஒன்று இழுத்தாக வேண்டும்" என்ற அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. நீங்கள் பற்றவைத்தாலும் அடங்கும், பற்றவைக்காவிட்டாலும் அடங்கும். அப்படியானால் நாம் தாண்ட வேண்டியது வாழ்நாள் முழுவதையும் அல்ல. இப்போது வந்திருக்கும் இந்த ஐந்து நிமிடத்தைத்தான். இந்த ஐந்து நிமிடம் நான் யாரோடு இருக்கப் போகிறேன் என்பதுதான் கேள்வி.

கடைத்தெருவில் மிட்டாய் கேட்டுத் தரையில் விழுந்து அழும் குழந்தையைத் தாய்மார்கள் பார்த்திருப்பீர்கள். வாங்கிக் கொடுத்தால் நாளைக்கு இன்னும் சத்தமாக அழும். அடித்தாலும் அழுகை கூடத்தான் செய்யும். விவரமுள்ள தாய் இரண்டையும் செய்யமாட்டாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அழுது முடியும்வரை பொறுத்திருப்பாள். நாம் நம் ஆசையை எப்படி நடத்துகிறோம்? ஒன்று, கேட்டதையெல்லாம் கொடுக்கிறோம்; இல்லாவிட்டால் நம்மையே வெறுத்துத் திட்டிக்கொள்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைத்தான் தியானம் என்கிறேன்.

எப்படிச் செய்வது? முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். கண்களை மூடுங்கள். மூச்சு உள்ளே வரும்போது மனதுக்குள் "இயேசுவே" என்று சொல்லுங்கள். வெளியே போகும்போது "இரங்கும்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். ஆசை எழுந்தால் விரட்ட வேண்டாம். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டையில் ஒரு வறட்சியா? நெஞ்சில் ஒரு இறுக்கமா? விரல்களில் ஒரு பரபரப்பா? "ஆண்டவரே, இதோ இங்கே இருக்கிறது" என்று அவரிடம் காட்டுங்கள். மீண்டும் மூச்சுக்கு வாருங்கள், மீண்டும் அந்தப் பெயருக்கு வாருங்கள். மனம் நூறு முறை ஓடினாலும் நூறு முறை கூட்டிக்கொண்டு வாருங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், ஆசை இல்லாத நேரத்திலேயே பழகிவிட வேண்டும். தவிப்பு வந்த பிறகு முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியாது.

இதெல்லாம் நமக்கு உரியதா என்று சிலர் தயங்குவீர்கள். பாலைவனத் துறவிகள் காலத்திலிருந்தே திருச்சபை இப்படிச் செபித்து வருகிறது. பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெயின், துறவியாவதற்கு முன் மலாயாவில் வேலை பார்த்தபோது, கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவிடம் தியானம் கற்றார். பிறகு அதே வழி பழைய துறவி யோவான் காசியானின் எழுத்தில் இருப்பதைக் கண்டார். நம் குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் 1950இலிருந்து இருக்கிறது. தயங்காமல் உட்காருங்கள்.

தியானத்தை மந்திரம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 88 பேர் பங்கெடுத்தார்கள். பயிற்சி தொடங்கிய 17ஆம் வாரத்தில், தியானம் பழகியவர்களில் 31 விழுக்காட்டினர் புகைக்காமல் இருந்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 6 விழுக்காட்டினர்தான் அப்படி இருந்தார்கள். ஆனால் அது சிறிய ஆய்வு. 2022இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற வழிகளைவிடத் தியானம் மேலானது என்று தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே செபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை எல்லாம் இருக்கின்றன. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் நமக்குச் சொல்கிறது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவை வானதூதர் ஒரு சொல்கூடக் கண்டிக்கவில்லை. தொட்டு எழுப்பினார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். பீடியை விட்ட மனிதர் முதல் வாரம் சிடுசிடுப்பார். "இதற்கு நீ குடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மாரும் இங்கே இருக்கிறீர்கள். நான் பேசுவது உங்களைக் குத்துகிறதோ என்று எனக்குக் கவலை உண்டு. மக்களின் உடல்நலத்தைக் கெடுப்பதில் பங்கு வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். வத்திக்கானுக்கு அது வருமானத்தில் ஒரு பகுதி. உங்களுக்கு அது வீட்டு அடுப்பு. அந்த முறத்தின் முன்னால் குனிந்தே கழிந்த உங்கள் வருடங்களை ஆண்டவர் அறிவார். உங்களுக்கு வேறு பிழைப்புக் கிடைக்க வேண்டும் என்பதும் நம் செபமாக இருக்கட்டும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மேட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி இருந்தார். சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884இல், தம் 28ஆம் வயதில், குடியை விடுவதாக வாக்குக் கொடுத்தார். வாழ்நாள் முழுவதற்கும் அல்ல, முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும்தான். அதன் பிறகு ஆறு மாதம், அதன் பிறகுதான் ஆயுள் முழுவதும். தினமும் விடியற்காலைத் திருப்பலியும் நெடுநேரச் செபமும் அவரைத் தாங்கின. பின்னாளில் புகையையும் விட்டார். குடியை விட்டதைவிட அதுதான் தமக்குக் கடினமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. புகையை விட முடியாமல் நீங்கள் அழுதிருந்தால், அந்தக் கஷ்டத்தை அறிந்த ஒருவர் உங்களுக்காகப் பரிந்துபேச இருக்கிறார்.

விட்டுவிட்டு மறுபடியும் தொட்டவர்களே, கோயிலுக்கு வர வெட்கப்படுகிறீர்களா? பேதுரு மூன்று முறை மறுதலித்தார். திபேரியக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவர் அவருக்கு முதலில் காலை உணவு கொடுத்தார். பிறகு, "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று அவர் கேட்கவில்லை, அன்பைப் பற்றி மட்டும்தான் கேட்டார். உங்களிடமும் அதைத்தான் கேட்பார்.

இன்னொரு வேண்டுகோள். புகையை விட்டவர்களுக்கு உடம்பின் தவிப்பு முதல் வாரத்தில்தான் கடுமையாக இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அப்படியென்றால், ஈஸ்டர் வரும்போது மிகக் கஷ்டமான பகுதியை நீங்கள் ஏற்கனவே கடந்திருப்பீர்கள். ஆண்டவர் கல்லறையைவிட்டு வெளியே வரும் அன்றைக்கு, "நோன்பு முடிந்தது" என்று தீப்பெட்டியைத் தேடாதீர்கள். ஒரு வருடம் தொடாமல் இருந்தால், மாரடைப்பு வரும் ஆபத்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலைப் பூட்ட வேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் சேர்ந்து அமைதியாக உட்காருவோம். விட விரும்புகிறவர்கள் வாருங்கள். என்னால் முடியாது என்று நினைக்கிறவர்களும் வாருங்கள்.