யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது அவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் வினவினர். இரண்டுமன்று என்றார் அவர். ஆயினும் கேள்வி ஓயவில்லை. டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த மகவைக் கையிலேந்தும் தாய், தான் செய்த தவறு யாதென்று இன்றும் தன்னையே நொந்துகொள்கிறாள்.

அறிவியல் அவளுக்கு ஒரு விடை தந்திருக்கிறது. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956-இல் உறுதியாயிற்று. இக்குழந்தைகளிடம் 47 இருப்பதை 1959-இல் பாரிஸ் நகரின் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜோன், ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் வெளியிட்டனர். 21-ஆம் குரோமோசோம் இரண்டாக இராமல் மூன்றாக இருந்தது.

கருமுட்டை உருவாகையில் ஒவ்வொரு இணையும் பிரிந்து, ஒன்று மட்டுமே முட்டையில் தங்க வேண்டும். சில வேளைகளில் இரண்டும் பிரியாமல் தங்கிவிடுகின்றன. விந்தணுவிலும் இது நேரலாம்; ஆனால் பெரும்பாலும் முட்டையிலேயே நேர்கிறது. பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கும் இப்பிரிவு, இடையில் நின்று, பல்லாண்டுகள் காத்திருந்து, முட்டை முதிரும்போதுதான் தொடர்கிறது. காத்திருப்பு நீள நீள, குரோமோசோம்களைப் பிணைக்கும் புரதக் கட்டுகள் தளர்கின்றன. எனவேதான் 20 வயதுத் தாய்மாரிடம் ஏறத்தாழ 1,500 பிறப்புகளுக்கு ஒன்றாக இருப்பது, 40 வயதில் 100-க்கு ஒன்றாகிறது. கண்ட கிரகணமோ, கொண்ட கவலையோ, செய்த பாவமோ இதற்குக் காரணமன்று.

ஆனால், தாயைக் குற்றத்தினின்று விடுவித்த அதே அறிவு, கருவிலேயே குழந்தையை அடையாளங்கண்டு விலக்கவும் பயன்பட்டது. குணப்படுத்த விரும்பிய லெஜோன், 1994-இல் இறக்கும்வரை இதை எதிர்த்தார். பிழை நேர்ந்தது உயிரணுப் பிரிவில், பிறந்தவர் பிழையல்லர். இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே நம் அறத்தின் சறுக்கல்.

இப்படி எழுதுவது எளிது. இரவும் பகலும் பேணுவது எளிதன்று. மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் இவர்களின் சராசரி ஆயுள் இன்று ஏறத்தாழ 60. ஆகவே பெற்றோரின் நெஞ்சில் வேறொரு கேள்வி கனக்கிறது: "எங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?"

சீடர்களின் கேள்வி பின்னோக்கியது. பெற்றோரின் கேள்வி முன்னோக்கியது. முன்னதற்கு உயிரியலும் விடை கூறிவிட்டது. பின்னதற்கு எந்த ஆய்வுக்கூடமும் விடை கூறாது. கருவைக் காக்கச் சொல்லும் நாம், வளர்ந்த அப்பிள்ளைக்கு நம் வீட்டுத் திண்ணையிலும், பங்கிலும், வேலைத்தலத்திலும் இடம் தந்திருக்கிறோமா? தராதவரை, அத்தாயிடம் நாம் பேசும் அறம் பாதி அறமே.