கையொப்பமில்லாச் சித்திரம்

கலை கலைக்காகவே என்பர் ஒரு சாரார். கலை வாழ்க்கைக்காகவே என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு நம் எழுத்தாளர் அரங்குகளில் பன்முறை எடுத்துரைக்கப்பட்டுத் தீர்ப்பின்றி ஒத்திவைக்கப்பட்டு வருகின்றது. ஆயினும், இரு சாராரும் தத்தம் வாதங்களை அச்சேற்றி நூலாக்கும்போது, அந்நூலின் அட்டைக்குப் படம் வரைந்து தருகின்ற ஓவியரை எவரும் அழைத்து வினவுவதில்லை. வினவினால், "என் கலை கூலிக்கு" என்று அவர் விடை பகர்வார். அவ்விடையில் இழிவு ஏதும் இல்லை. ஆனால், அதனுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்நிறுவனத்திலும் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வேலைக்கு வேலை ஊதியம் பெறும் ஓவியரை எண்ணிப் பாருங்கள். இன்று ஒரு வார இதழின் சிறுகதைக்குப் படம். நாளை ஒரு நகைக்கடைக்கு விளம்பரம். மறுநாள் ஒரு திருவிழாவுக்குச் சுவரொட்டி. வரைய வேண்டிய பொருளைப் பிறர் தருகின்றார். அளவைப் பிறர் வகுக்கின்றார். முடித்துத் தர வேண்டிய நாளையும் பிறரே குறிக்கின்றார். கை மட்டுமே ஓவியருடையது. இந்நிலையில், அவர் வரைந்த படம் பார்ப்பவரை ஏமாற்றுமானால், அல்லது இழிவுபடுத்துமானால், அப்பழி யாரைச் சாரும்? வரையச் சொன்னவரையா? வரைந்தவரையா?

கூலி என்னும் சொல்லைக் கேட்டு முகஞ்சுளிக்கும் மரபு நம் கெடா மாநிலத்துத் தமிழருக்கு இருத்தல் ஆகாது. பீடோங், பாடாங் செராய், கூலிம், பாலிங் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, எடைக்கு ஏற்பக் கூலி பெற்றவர்களே நம் பள்ளிகளையும் கோயில்களையும் எழுப்பினார்கள். தனித்து இயங்கும் ஓவியரும் அவர்களைப் போன்றவரே. அவரும் நாள்தோறும் முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர். மழை பெய்தால் மரம் வெட்டுவதற்கில்லை. விழாக்காலம் கடந்தால் விளம்பரப் படத்திற்கும் ஆளில்லை. ஒரு வகையில் ஓவியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் காலைப் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்க வேண்டியதில்லை என்பது மெய். ஆனால், தோட்டத்தார் தந்த லய வீடோ மருந்தகமோ அவருக்கு இல்லை. தலைமேல் கங்காணி இல்லாத விடுதலைக்கு அவர் கொடுக்கும் விலை அது.

எனினும், இருவர் உழைப்பிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மரம் வெட்டுபவர் தந்த பால் பேசுவதில்லை. அது உருளிப்பட்டையாகி, நோயாளியைச் சுமக்கும் வண்டியிலும் ஓடலாம். கள்வன் தப்பிச் செல்லும் வண்டியிலும் ஓடலாம். அவ்வோட்டத்திற்கு அவரைப் பொறுப்பாக்குவார் எவருமிலர். ஓவியரின் கோடோ பேசுகின்றது. "இதனை நம்பு, இதனை விரும்பு, இவ்வாறு இருத்தலே அழகு" என்று அது பார்ப்பவரிடம் சொல்லுகின்றது. மரம் வெட்டுபவர் உழைப்பை விற்கின்றார். ஓவியர் உழைப்போடு, தம் படத்தின்மேல் பிறர் வைக்கும் நம்பிக்கையையும் சேர்த்து விற்கின்றார். அந்நம்பிக்கை அவருடைய உடைமை அன்று, பார்ப்பவருடையது.

"ஓவியர் ஒரு தூதரே, தூது சொன்னவரை நோகலாமா?" என்று சிலர் வாதிடுவர். நல்ல வாதம். ஆனால், தூது என்னும் பொருளுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், தூதனைப் பிறர் சொல்லைச் சுமக்கும் கழுதையாகக் கருதவில்லை. தூய்மையும் துணிவும் வாய்மையும் அவனுக்கு வேண்டும் என்றார். பிறர் பொருட்டுப் பேசுபவனுக்கும் வாய்மை உண்டு என்பதே அங்கு நாம் கொள்ள வேண்டிய கருத்து. அரசன் செய்தியைத் தரலாம்; தூதனின் நாவுக்கு உரியவன் தூதனே.

இதனைத் தமிழ் இதழோவிய வரலாற்றைக் கொண்டு தெளிவாகக் காணலாம். தஞ்சையில் 1924இல் பிறந்த கோபாலன் என்னும் இளைஞர், ஓவியர் மாலியின் ஆதரவால் 'கோபுலு' ஆனார். 1940களில் ஆனந்த விகடனில் வளர்ந்த அவர், 'தில்லானா மோகனாம்பாள்', 'வாஷிங்டனில் திருமணம்' ஆகிய தொடர்களுக்கு வரைந்த படங்களை அறியாத தமிழ் வாசகர் அக்காலத்தில் அரியர். ரஜூலா முதலிய கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்தில் தமிழகத்துச் சரக்குகளை இறக்கிய நாள்களில், அவ்விதழ்களைத் தேடி வாங்கிப் படித்தோர் நம் வட்டாரத்திலும் பலர். 1963இல் கோபுலு விகடன் பணியை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். 1972இல் 'ஆட்வேவ்' என்னும் விளம்பர நிறுவனத்தைத் தாமே தொடங்கினார். இதழ்களுக்குத் தனி ஓவியராகவும் வரைந்தார். 2015இல் மறைந்தார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இதழில் வந்த படத்தின் மூலையில் 'கோபுலு' என்னும் ஒப்பம் இருந்தது. விளம்பரத் துறையின் வழக்கப்படி, விளம்பரப் படத்தில் வரைந்தவர் ஒப்பம் இடம்பெறுவதில்லை. அதே கை, அதே கண், அதே பயிற்சி. பெயர் மட்டும் இல்லை. பெயரிட்ட படத்திற்கு ஓவியர் பொறுப்பு என்றால், பெயரிடாத படத்திற்கு அப்பொறுப்பு மறைந்துவிடுமா? ஒப்பம் என்பது பிறருக்குக் கொடுக்கும் அடையாளம். பொறுப்போ, அடையாளத்திற்கு முன்னரே பிறந்துவிடுவது. குழந்தைக்குப் பெயரிடாததால் தந்தை தந்தையல்லன் ஆகிவிடுவதில்லை.

சட்டமும் ஓரளவு இவ்வாறே எண்ணியிருக்கின்றது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், ஒருவர் கூலி பேசிச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை செய்வித்தவரைச் சாரும். ஆனால், அதே சட்டம் படைப்பாளருக்கு வேறோர் உரிமையையும் அளித்துள்ளது. படைப்பு தம் பெயராலேயே அறியப்படவும், தம் நற்பெயருக்குக் கேடு வரும் வண்ணம் அது சிதைக்கப்படாமல் இருக்கவும் அவர் கோரலாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விரு கூறுகளைக் காணலாம். உடைமை கைமாறும், பெற்றமை கைமாறாது என்பதே இதன் சாரம். பெற்றமை விற்பனைக்குரியது அன்று என்றால், அதனோடு ஒட்டிப் பிறந்த பொறுப்பு மட்டும் எவ்வாறு விற்பனையாகும்?

ஆயினும், பொறுப்புக்கு எல்லை வகுத்தலும் நீதியே. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976), அவர்தம் மாணவர்கள் ஆகியோர் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக உலகெங்கும் சென்றன. படத்தின் கீழே வணிகர் பெயருக்கென்று இடம் விடப்பட்டிருக்கும். ஒரே முருகன், ஓரூரில் மளிகைக் கடைக்கும் மற்றோரூரில் அடகுக் கடைக்கும் மேலே மயிலேறி நிற்பார். அவ்வெற்றிடத்தில் யார் பெயர் ஏறுகின்றது என்பது ஓவியர் அறியாதது. அறியாததற்கு அவரைப் பழித்தல் முறையன்று. தாம் அறிந்து சேர்த்த பொருளுக்கே அவர் பொறுப்பு. பின்னர் பிறர் சேர்த்த பொருளுக்கு அல்லர்.

அறிந்தே சேர்ப்பது எது? மிகைப்படுத்தல் எல்லாம் பொய்யாகாது. நம் இலக்கணத்தில் உயர்வு நவிற்சி அணி உண்டு. மாடம் நிலவை முட்டியது என்று புலவர் பாடினால், அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லுவதில்லை. கேட்பவர் அது மிகை என்பதை அறிவார். கேலிச்சித்திரத்து மூக்கு முழ நீளம் இருப்பதும் அத்தகையதே. ஆனால், மிகை தன்னை மிகையென்று காட்டிக்கொள்ளாமல் மெய்யின் ஆடையை உடுத்தி வரும்போது, அது அணி அன்று, வஞ்சனை. சொல்லின் உருவத்தைக் கொண்டன்றி, அது பிறருக்குத் தீமை பயக்கின்றதா என்பதைக் கொண்டே வாய்மையை அளந்தவர் வள்ளுவர். அவ்வளவுகோல் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் பொருந்தும்.

வண்ணத்தைச் சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் ஓவியப் பாடம் நடத்திய ஆசிரியர் பலர் ஒன்றைக் கண்டிருப்பர். "அம்மாவை வரை" என்றால், கரிய நிறத்துக் குழந்தையும் வெளிறிய இளஞ்சிவப்பு வண்ணக்குச்சியையே தேடி எடுக்கும். அதற்குப் பெயரே 'தோல் நிறம்' என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். வெயிலில் நின்று பால்மரம் வெட்டிய பாட்டியின் நிறமும், செம்பனைக் காட்டில் உழைத்த தந்தையின் நிறமும் அவ்வண்ணப் பெட்டியில் இல்லையா? இருக்கின்றன, பிள்ளைகள் அவற்றைத் தலைமுடிக்கும் மரத்திற்கும் ஒதுக்கிவிட்டார்கள். இதனை அவர்களுக்குக் கற்பித்தது யார்? பாடநூல் அன்று. கதைத் தலைவியரை ஓயாமல் வெள்ளை வெளேரென்று தீட்டிய இதழ் அட்டைகளும், முகப்பூச்சு விளம்பரங்களும் அதில் பங்குடையன. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கிக்கொள்ள 2020ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை தலைமுறைச் சிறுமியர் கண்ணாடி முன் நின்று தம்மைத் தாமே வெறுத்திருப்பர்! ஒப்பமிட்ட அட்டைப்படமும் ஒப்பமிடாத விளம்பரமும் இதில் கூட்டாளிகள். "ஆசிரியர் கேட்டார், வரைந்தேன்" என்னும் ஒரு வரி விடை, அச்சிறுமியின் முன் எடுபடுமா?

நம் மாநிலத்து வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். காவலரோடு மோதல் நேர்ந்தது, உயிரும் போயிற்று. கூலிப் பணம் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்டு பொறாத எளிய மக்களின் அறச்சினம் அது. கள்ளுக்கடைக்கு ஓவியர் தேவைப்படவில்லை. தோட்டத்தின் சலிப்பே அதற்குப் போதிய விளம்பரம். புட்டியில் அடைத்த மதுவுக்குத்தான் ஓவியர் தேவைப்பட்டார். கின்னஸ் உடலுக்கு நல்லது என்று பிரிட்டனில் 1929 முதல் விளம்பரம் செய்தார்கள். 1930களில் ஜான் கில்ராய் என்னும் ஓவியர் அதற்காக வரைந்த வேடிக்கை விலங்குகள் இன்றும் கலைப்பொருளாகப் போற்றப்படுகின்றன. கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்யலாம். வீட்டுச் சுவரில் சிரிக்கின்ற படத்தை யார் மறிப்பது? அதனால்தான் படத்தின் ஆற்றல் கடையின் ஆற்றலினும் பெரிது. மலேசியாவில் 1993ஆம் ஆண்டு விதிமுறைகள் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தன. 2009 முதல் வெண்சுருட்டுப் பெட்டியிலேயே நோயுற்ற உறுப்புகளின் படங்கள் ஏறின. கவர்ந்து அழைத்த இடத்திலேயே எச்சரிக்கவும் படத்தையே நாடியது அரசு. படம் வெறும் அலங்காரம் என்பார்க்கு இதனினும் மறுப்பு வேண்டுமோ?

இவ்வளவும் சொல்லி ஓவியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், நாம் நடுவுநிலை தவறியவராவோம். மறுக்கும் உரிமை வயிறு நிறைந்தவனுக்கே எளிது. சுங்கைப் பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ வாடகை வீட்டில் இருந்து வரையும் ஓர் இளைஞருக்கு, மாத இறுதியில் வந்த ஒரே வேலை ஒரு பொய் விளம்பரம் என்றால், "மறுத்துவிடு" என்று சொல்லுதல் நமக்கு எளிது. வறுமை அவர் பழியைக் குறைக்கும், முற்றும் துடைக்காது. ஆனால், அவ்வறுமைக்குக் காரணமானவர் பங்கு அதனினும் மிகுதி. "படந்தானே, அரைமணி நேர வேலை" என்று கூலியைக் குறைப்பவர். "பெயர் வெளியே தெரியும்" என்று சொல்லிப் பணத்தை மறப்பவர். நான்கு முறை திருத்தச் சொல்லிவிட்டு ஐந்தாம் முறை வேறொருவரிடம் செல்பவர் - இவர்கள் ஓவியரின் மனச்சான்று பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள். எழுத்தாளராகிய நம்முள்ளும் இத்தகையோர் இல்லாமலில்லை. முன்னுரை தந்தவருக்கு ஒரு பக்கம் நன்றி எழுதுவோம்; அட்டை வரைந்தவர் பெயரை அச்சகத்தார் முகவரிக்கு அருகிலும் சேர்க்க மறப்போம்.

இன்று கணினிக்கு நாலு சொல் தட்டினால், நொடிப்பொழுதில் படம் வந்து விழுகின்றது. கூலி மிச்சம் என்று மகிழ்வோர் பலர். ஆனால், அப்படம் ஒரு சிறுமியின் நெஞ்சில் பொய்யை விதைத்தால், "ஏன் வரைந்தாய்?" என்று கேட்பதற்கு அங்கு ஒரு மனிதர் இல்லை. மறுக்கக்கூடிய கை என்பதே மனிதக் கையின் பெருமை. அக்கையைத்தான் நாம் கூலி குறைத்தும் பெயர் மறைத்தும் நலிவித்து வருகின்றோம்.

ஆதலின், கடமை இரு பக்கத்தும் உண்டு. ஓவியர் தமக்கு விருப்பமற்ற பொருளை வரையலாம். பிறர் சொன்ன வண்ணத்தைத் தீட்டலாம். தம் பாணியை விட்டு வேறு பாணியிலும் எழுதலாம். இவையெல்லாம் கைக்கு உரியன. கை கூலிக்கு உரியது. ஆனால், பொய்யென்று தாம் அறிந்ததை, நம்பினால் கெடுவோர் முன் மெய்போல் காட்டுதல் கூடாது. அது கண்ணுக்கு உரியது. கண் விற்பனைக்கு உரியது அன்று. வேலை தருவோர், கூலியை முன்னரே பேசி உரிய நாளில் தருக; பெயரிட இடம் தருக; மறுத்தால் பகை கொள்ளாது இருக்க. நம் சங்கங்கள் வெளியிடும் அடுத்த நூலிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஒப்பமிட இடம் பெற்ற கை, ஒப்பமிடக் கூசும் படத்தை எளிதில் வரையாது.