கால் யாருடையது

அஸ்தம்பட்டிக்காரர்களுக்குச் சேலம் மத்திய சிறையின் மதில் வழி சொல்ல உதவும் ஓர் அடையாளம். ஜெயிலைத் தாண்டி, ஜெயிலுக்கு முன்னால், ஜெயில் பக்கம் என்றுதான் முகவரி சொல்லுவோம். 1950 பிப்ரவரி 11 அன்று இந்த மதிலுக்குள் காவலர்கள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் மாறவில்லை. யார் சுடச் சொன்னது? யார் சுட்டது? பதில் வந்ததா என்பது வேறு விஷயம். கேட்க முடிகிறது. துப்பாக்கி என்றால் விசையில் ஒரு விரல் இருந்திருக்க வேண்டும், விரல் என்றால் அதற்கு ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

விரல் வேண்டாத ஆயுதம் ஒன்று உண்டு. அதைச் செத்துப்போகிறவளே வெடிக்க வைக்கிறாள். அவள் அப்படிச் செய்யும்படி ஏற்பாடு செய்து வைத்திருப்பது ஃபியூஸ் என்ற சின்னப் பொருள். வீட்டு மெயின் போர்டில் எரிந்துபோகிற ஃபியூஸ் வேறு. ஆங்கிலத்தில் இதை எழுதும்போது ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘இசட்’ போடுவார்கள். குண்டில் மருந்து எவ்வளவு இருந்தாலும் அது சும்மா கிடக்கும். எப்போது, எதனால், யார் மேல் வெடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஃபியூஸ்தான். முடிவெடுக்கிற வேலையை உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்து வைத்தால் அதுதான் ஃபியூஸ். ஆகவே அது இன்ஜினியர்களுக்கு மட்டுமான பொருள் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

விட முடியாததற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என்று ஐந்து ஊர்கள் அதில். அன்றிலிருந்து எங்கள் ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் ‘டிஃபென்ஸ்’ என்பது வேலை கிடைக்கிற சொல்லாகிவிட்டது. 2023 டிசம்பரில் ராணுவத்துக்கு எலக்ட்ரானிக் ஃபியூஸ் வாங்கப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் போட்ட ஒப்பந்தம் மட்டும் 5,336.25 கோடி ரூபாய், 10 வருஷத்துக்கு. இந்த மாதிரிப் பணம் ஓடும்போது சின்னச் சின்ன உதிரிபாகங்களுக்குச் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைக்கும். அப்படி ஒரு தனியார் கம்பெனியில் என் அக்கா மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் லேத் பட்டறைக்குள் தயங்காமல் நுழைந்த முதல் பெண். அவளை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

“சித்தி, நான் செய்யப் போறது வெடிக்க வைக்கிற பார்ட் இல்லீங்க. வெடிக்காம பாத்துக்கற பார்ட்” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. பீரங்கிக் குண்டின் ஃபியூஸில் பாதிக்கு மேல் புத்தி வெடிக்காமல் இருப்பதற்கே செலவாகிறது. முதலில் வெடித்து மற்றதைக் கிளப்பிவிடுகிற டெட்டனேட்டரை, பெரிய மருந்துக்கு நேராக வைக்காமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள். குண்டு பீரங்கிக் குழாயிலிருந்து கிளம்பும்போது பின்னால் தள்ளுகிற அந்தப் பயங்கரமான அழுத்தம் ஒரு பூட்டைத் திறக்கும். பறக்கும்போது பம்பரம் மாதிரிச் சுற்றுகிற வேகம் இன்னொரு பூட்டைத் திறக்கும். இரண்டும் நடந்தால்தான் டெட்டனேட்டர் தன் இடத்துக்கு வரும். லாரியிலிருந்து பெட்டி தவறி விழுந்தால் சுழற்சி கிடையாது. உருண்டால் அந்த அழுத்தம் கிடையாது. எனவே தூக்குகிறவன், அடுக்குகிறவன், சுடுகிறவன் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இயற்கையில் சேர்ந்து வராத இரண்டு விசைகளைக் கண்டுபிடித்து, அவற்றையே சாவியாக்கியிருக்கிறார்கள். முதன்முதலாகப் படித்தபோது அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அழகுதான். அமெரிக்க ராணுவத் தர விதி, கிளம்புவதற்கு முன் இந்தப் பூட்டு தவறுவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

அதே அமெரிக்கா 1964 முதல் 1973 வரை லாவோஸ் மேல் போட்ட கொத்துக் குண்டுகளுக்குள் சுமார் 27 கோடிச் சிறு குண்டுகள் இருந்தன. அவற்றில் 30 சதவீதம் வரை விழுந்ததும் வெடிக்காமல் நிலத்தில் தங்கிவிட்டதாகக் கணக்கு. ஏறக்குறைய 8 கோடி. வயல் கொத்துகிறவளுக்காகவும், பந்து மாதிரி இருக்கிறதே என்று எடுக்கிற பிள்ளைக்காகவும் அவை காத்துக் கிடந்தன, கிடக்கின்றன. அனுப்புகிற பக்கத்தில் பத்து லட்சத்தில் ஒன்று, விழுகிற பக்கத்தில் பத்தில் மூன்று. இதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அக்கறை எந்தக் கதவு வரைக்கும் போனது, எந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன. ‘பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னால் யாருக்கு என்று திருப்பிக் கேட்பது பெண்களுக்குப் பழக்கமான வேலை. இரவில் விடுதிக் கதவைப் பூட்டும்போதும் அந்தச் சொல்லைத்தானே சொல்கிறார்கள்.

கொத்துக் குண்டு வெடிக்கத் தவறியது. மிதிவெடியோ தவறாமல் காத்திருப்பதற்கென்றே செய்யப்பட்டது. எம் 14 என்று ஒரு வகை. அமெரிக்கர்கள் வடிவமைத்தது, இந்தியாவிலும் தயாரிக்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பி, உள்ளே 30 கிராம் அளவுக்குத்தான் வெடிமருந்து. குழிந்த ஒரு வட்டு உள்ளே இருக்கிறது. மேலே 9 முதல் 16 கிலோ வரை பாரம் ஏறினால் அது சட்டென்று மறுபக்கம் குழிந்து ஊசியை இறக்கும். கொல்வது அதன் முதல் நோக்கமில்லை, பாதத்தைப் பறித்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளையின் எடை அந்தக் கணக்குக்குள் வந்துவிடும் என்பது அதை வரைந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. நம் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்ணிவெடி என்று எழுதும். ஈழத்தில் காலைப் பறிக்கிற இந்தச் சின்ன வகையை மிதிவெடி என்பார்கள். கண்ணி என்ற சொல்லுக்குள் அதை வைத்த வேடன் ஒருவன் இருக்கிறான். மிதிவெடிக்குள் மிதிக்கிறவள் மட்டும்தான் இருக்கிறாள். அங்குள்ள மக்கள் அனுபவத்திலிருந்து வைத்த பெயரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பொருள் தன்னைப் பற்றி என்ன நினைக்க வைக்கிறது என்பதை அந்தப் பெயர் சரியாகப் பிடித்துவிட்டது. ‘விறகு பொறுக்கப் போனவள் மிதிவெடியை மிதித்துவிட்டாள்’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியத்தில் வேலை செய்தது யார்? அவள். போனதும் அவள், மிதித்ததும் அவள். வைத்தவன் இலக்கணத்திலேயே இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பே வேறு ஊருக்குப் போயிருப்பான், செத்தும் போயிருப்பான். அடுத்து வருகிற கேள்வியை நீங்களும் நானும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்: “அங்க எதுக்குப் போனா?”

இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. தெருவில் கைவைக்கிறவனைப் பிடித்து நிறுத்த முடியும், அவனுக்கு முகம் இருக்கிறது. மிதிவெடி முகத்தையும் எடுத்துவிட்டது. ஆனால் பழியை நகர்த்துகிற வித்தை ஒன்றுதான். கடைசி அசைவை அவளிடம் விட்டுவிட்டால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

சட்டம் இதைப் புரிந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. 1997இல் எழுதி 1999 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த ஒட்டாவா ஒப்பந்தம், வெடிமருந்தின் அளவை வைத்து எதையும் தடை செய்யவில்லை. ஒரு மனித உடல் அருகே வந்ததாலோ தொட்டதாலோ வெடிக்கும்படி செய்யப்பட்டதா என்றுதான் பார்க்கிறது. ஒரு சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்து கம்பியின் மறுமுனையில் பொத்தானை அழுத்தி வெடிக்க வைக்கிற வகையை அது விட்டுவிடுகிறது. அதுவும் கொல்லும், இன்னும் அதிகமாகவே கொல்லும். ஆனால் அழுத்திய கைக்கு ஒரு ஆள் உண்டு. அந்தத் தடைக்காக உழைத்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்ணுக்கும் அதே 1997இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இலங்கை 2017இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை. 2025இல் போலந்து, ஃபின்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள் எல்லாம் வெளியேற முடிவெடுத்தன. எல்லையில் ரஷ்யா இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்களின் பயம் பொய் என்று சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். பயம் தீர்ந்த பிறகு அந்த வயலில் யார் நடப்பார்கள் என்பதைத்தான் கேட்பேன்.

நம் மலைக்காடுகளின் ஓரத்தில் இதே தந்திரத்துக்கு நாட்டு வடிவம் உண்டு. அவுட்டுக்காய் என்பார்கள். தீனிக்குள் வெடிமருந்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடிப்பதுதான் விசை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் கிழிந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே இறந்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்து அழுதது. யானைக்கு வைக்கவில்லை, பன்றிக்கு வைப்பது என்று அப்போது ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அந்தச் சமாதானத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஃபியூஸுக்கு யானையும் பன்றியும் ஒன்று. அப்படி ஒன்றாகப் பார்க்கும் என்று தெரிந்துதான் வைக்கிறோம்.

வெடியைத் தொடுகிற எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை நான் என் அம்மாயியிடமிருந்து அறிந்தேன். ராசிபுரம் பக்கம் கிணறு வெட்டுகிற இடங்களில் கல் சுமந்தவர். பாறையில் தமரடித்து, மருந்து கெட்டித்து, கேப்பும் திரியும் வைப்பார்கள். திரிக்கு நெருப்பு வைப்பதற்கு முன் ஒரு ஆள் மேலே நின்று நாலு திசைக்கும் “வெடியோய்... வெடி” என்று கத்த வேண்டும். மாட்டைப் பிடித்துக் கட்டுவார்கள், பாதையில் வருகிறவர்களை மறிப்பார்கள். திரி நீளமாக இருப்பதே மனிதர்கள் விலகுவதற்கு நேரம் கொடுக்கத்தான். பிறகு எண்ணுவார்கள். எட்டுக் குழியென்றால் எட்டுச் சத்தம். ஏழுதான் கேட்டதென்றால் பெண்களை உள்ளே இறக்க மாட்டார்கள்; யார் மருந்து வைத்தாரோ அவர்தான் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன், விரல் போனவர்களை அம்மாயிக்குத் தெரியும். ஆனால் முறை அதுதான். கூப்பிட்டுச் சொல்வது, எண்ணுவது, மிச்சத்துக்கு வைத்தவனே இறங்குவது. மிதிவெடியின் ஃபியூஸ் இந்த மூன்றையும் ஒன்றுவிடாமல் கழற்றி எடுத்துவிட்ட வெடி.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் செய்யலைன்னா வேற யாரோ செய்வாங்க. பொண்ணுங்களுக்கு இந்த வேலை கெடைக்கிறதே இப்பத்தான். அதையும் வேண்டாம்னு சொல்றது யாருக்கு லாபம்ங்க சித்தி?” என்றாள்.

முதல் வாக்கியம் எனக்குச் செல்லாது. இரண்டாவதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. தொழிற்சாலையில் இருக்கும் பெண்ணின் கையைப் பார்த்து ‘நீதான் கொன்றாய்’ என்று சொல்வது, மிதித்தவளைப் பார்த்து ‘நீதான் மிதித்தாய்’ என்று சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 1916 டிசம்பர் 5 இரவு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் பார்ன்போ வெடிமருந்துத் தொழிற்சாலையில் குண்டுகளுக்கு ஃபியூஸ் பொருத்தும் அறையில் நடந்த விபத்தில் 35 பெண்கள் செத்தார்கள். போர்க்காலத் தணிக்கையால் செய்தி வெளியே வரவில்லை. பத்திரிகைகளின் இரங்கல் வரிகளில் ‘விபத்தில் இறந்தார்’ என்பது மட்டும் இருந்தது. வேறெங்கோ யாரையோ கொல்ல வேண்டிய குண்டு முதலில் அவர்களைத்தான் கொன்றது. டி.என்.டி. பட்டுப் பட்டுத் தோல் மஞ்சளாகிப் போன பெண்களுக்கு அந்தக் காலத்தில் கானரிக் குருவிகள் என்று பட்டப்பெயர். அவர்களுக்கும் அந்த வேலைதான் அதுவரை கிடைத்ததில் நல்ல கூலி.

நல்ல கூலி என்பதால்தான் கிளிநொச்சியிலும் முகமாலையிலும் பெண்கள் மிதிவெடி அகற்றுகிறார்கள். ஹாலோ டிரஸ்ட், மாக், டாஷ் போன்ற அமைப்புகளில் வேலை செய்பவர்களில் கணவனைப் போரில் இழந்து, குடும்பத்தைத் தனியே இழுப்பவர்கள் நிறைய. இரு தரப்பும் புதைத்த மண் அது. ராணுவத்தின் வெடிகளும் கிடக்கும், புலிகள் செய்த ஜொனியும் கிடக்கும். முகத்தை மறைக்கிற தடித்த கவசம், வெயில், முழங்காலில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக மண்ணை விலக்குகிற வேலை. பெண்களுக்குப் பொறுமையும் நுணுக்கமான விரலும் உண்டு என்று இந்த வேலைக்கும் புகழ்கிறார்கள், ஃபியூஸ் கோக்கிற வேலைக்கும் புகழ்கிறார்கள். புகழ்ச்சிக்கு வேலை எதுவானாலும் சரி போலிருக்கிறது.

போகாதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. போவதானால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போ என்றேன். அந்தக் கம்பெனியில் மீண்டும் கூப்பிட்டிருந்தார்கள், சம்பளம் பேச. அங்கே கேட்டிருக்கிறாள்: இந்த ஃபியூஸ் விழுந்த இடத்தில் வெடிக்காமல் போனால், எத்தனை நாளில் தானாகவே செத்துப்போகும்? எதிரில் இருந்த பெரியவர் நல்லவிதமாகவே பதில் சொன்னாராம். அப்படி வைக்க முடியும்மா, தொழில்நுட்பம் இருக்கிறது, செலவு கொஞ்சம் கூடும், வாங்குகிறவர்கள் கேட்டால் வைப்போம்.

“கேட்டிருக்காங்களாங்க?” என்று இவள் கேட்டாளாம்.

அது தன் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டு அவர் சம்பள விஷயத்துக்குப் போய்விட்டார். சேர்வதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கடிதம் என் வீட்டு மேஜையில்தான் கிடக்கிறது, அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை.