உறுத்தாத பட்டை

உடல்நிலையைத் தொடர்ந்து அளப்பதைத் தமிழில் ‘கண்காணிப்பு’ என்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரும் கண்காணிப்பில் இருக்கிறார்; போலீஸ் சந்தேகிக்கும் ஆளும் கண்காணிப்பில்தான் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்ற கங்காணியும் இந்தச் சொல்லின் வழி வந்தவர்தான். உடம்பைப் ‘பார்த்துக்கொள்’ என்று அம்மா சொல்வது வேறு. அந்த வேறுபாட்டை மருத்துவத் தமிழ் தொலைத்துவிட்டது.

2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர், தோலைப்போலவே வளைந்து நீளும் மின்னணுப் பட்டை ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்டிக்கர் பொட்டுபோல ஒட்டிக்கொண்டு இதயத்தின், தசையின் மின்சைகைகளை அளக்கும். 2019இல் ரோஜர்ஸ் குழு சிகாகோவில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதன் இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்திப் பார்த்தது: மார்பில் ஒரு பட்டை, பாதத்தில் ஒரு பட்டை, வயர் கிடையாது. பழைய முறையில் பசை நாடாவைப் பிரிக்கும்போது அந்தப் பிஞ்சுத் தோல் உரிந்து வரும். வயர்களின் சிக்கலுக்குள் கிடக்கும் பிள்ளையைத் தாய் அள்ளி மார்போடு சேர்ப்பதே பெரும்பாடு. இந்தப் பட்டை பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தது. இதை எதிர்க்க என்னிடம் ஒரு வாதமும் இல்லை.

என் பெரியம்மாவின் கையிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. சர்க்கரை அளக்கும் பட்டை. மெல்லிய இழை தோலுக்கடியில் இருக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு போனுக்குப் போகும். அவள் போனுக்கு மட்டுமல்ல, பெங்களூரில் இருக்கும் மகன் போனுக்கும். ஒரு வளைகாப்பில் இரண்டு லட்டு சாப்பிட்டாள். முக்கால் மணி நேரத்தில் போன். “என்னம்மா சாப்பிட்ட? இருநூத்தி நாப்பது காட்டுது.” பெரியம்மா கேட்டாள்: “ஏன்டா, என் கையில ஒட்டினது உன்கிட்டயா கோள் சொல்லுது?”

அவன் கொடுமைக்காரன் இல்லை. ஒரு ராத்திரி சர்க்கரை விழுந்தபோது பக்கத்து வீட்டைப் போனில் எழுப்பியவனும் அவன்தான். ஆனாலும், எது அவனுக்குப் போக வேண்டும் என்று பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அறுபது வருடம் வீட்டில் எல்லோர் தட்டையும் பார்த்தவள் அவள். இப்போது அவள் தட்டை ஒரு எண் பார்க்கிறது.

சண்டிகர் மாநகராட்சி தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியது. அது உடல்நிலையை அளக்க அல்ல, எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க. கனமான பொருள், இருப்பது மறக்காது. பணியாளர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். நாளை அதே முதலாளி, ‘உங்கள் ஆரோக்கியத்துக்காக’ என்று ஒரு மெல்லிய பட்டையை ஒட்டச் சொன்னால்? உறுத்தாமல் இருப்பதுதான் அதன் பெருமை. தோலுக்கு உறுத்தாதது மனசுக்கும் உறுத்தாமல் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. காலையில் கொடுத்த சம்மதம், ஒட்டியிருப்பதே மறந்துபோன மாலையிலும் சம்மதம்தானா? கழற்றினால் வேலை போகும் என்றால், காலையில் கொடுத்ததுகூடச் சம்மதமா?

தோழிகள் சிலர் சொல்வார்கள்: பெண் வலிக்கிறது என்றால் நம்பாதவர்கள் எண்ணைக் காட்டினால் நம்புவார்கள், அதற்காகவாவது வேண்டும். உண்மை, நானே அப்படி நினைத்ததுண்டு. ஆனால் குழந்தையின் பாதப் பட்டையைப்போலவே ஒளியைப் பாய்ச்சி ஆக்சிஜன் அளக்கும் விரல் கருவியைக் கொரோனா காலத்தில் வீடுவீடாக வாங்கி வைத்தோமே, அதைப் பற்றி 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை அந்தக் கருவி வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டிருந்தது. திரையில் தொண்ணூற்று மூன்று என்று இருக்கும். கட்டிலில் இருப்பவள் மூச்சு முட்டுகிறது என்பாள். அந்த அறையில் இருக்கும் மருத்துவர் யாரிடம் திரும்பிக் கேட்கிறார்?